பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னையில் பறக்கும் ரயில் எதன் மேல் பறக்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் ‘சாக்கடை’ என்பார்கள். அதற்குப் பெயர் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பெயர் அப்போதைய கவர்னருடையது. உழைப்பு பட்டினி கிடந்தவர்களுடையது.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். 1876இல் மழை பொய்த்தது. அடுத்து வந்தது பதிவுகளிலேயே மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று: பசிபிக் கடல் சூடாகி, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைக் குலைத்தது. ஆனால் வானம் செய்தது பாதி வேலைதான். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. ‘சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்றது அரசு. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அதை வாங்கிக்கொண்டு மண் வெட்ட வேண்டும். பஞ்சம் முடிந்தபோது இந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்திருந்தார்கள். மழை பொய்ப்பது வறட்சி. அதைப் பஞ்சமாக்குவது மனுஷ முடிவு.

இதே கணக்கை வெள்ளத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். சென்னைக்கு அந்த வசதி உண்டு. நட்சத்திரம் பார்க்க 1792இல் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தின் புண்ணியத்தில், இருநூறு வருஷத்துக்கும் மேலான மழைக்கணக்கு நம்மிடம் இருக்கிறது. 2015 நவம்பரில் சென்னையில் பெய்தது 1,049 மில்லிமீட்டர். வருஷ சராசரியே சுமார் 1,400தான். ‘வரலாறு காணாத மழை’ என்றார்கள். வரலாறு கண்டிருக்கிறது: 1918 நவம்பரில் 1,088.

அந்த டிசம்பர் முதல் நாள் மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்குப் புவி வெப்பமயமாதலின் தெளிவான தடயம் அதில் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு சிலர் ‘பார்த்தியா, எல்லாம் புரளி’ என்கிறார்கள். எனக்கு இது நேரெதிராகப் படுகிறது. பழைய வானமே நம்மை மூழ்கடிக்கப் போதுமானது என்றால், குற்றவாளி தரையில் இருக்கிறான். பஞ்சத்தில் வெட்டிய அதே கால்வாய்க்குள் ரயில் தூண்களை இறக்கி ஒடுக்கியிருக்கிறோம். பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். நாலே வருஷத்தில், 2019இல், ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

சரி, இனி வரப்போகும் வானம்? இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901இலிருந்து 2018 வரை நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. 1951க்கும் 2015க்கும் நடுவே தென்மேற்குப் பருவமழை 6 சதவீதம் குறைந்தது. வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடல் அதே காலத்தில் ஒரு டிகிரி சூடானது. கரியமில வாயு கட்டுக்கடங்காமல் கூடினால் நூற்றாண்டின் முடிவில் வெப்பம், 1976-2005 காலச் சராசரியைவிட 4.4 டிகிரி வரை உயரலாம். மொத்த மழையும் கூடும் என்கிறார்கள்.

‘மழை கூடுமா, நல்லதுதானே’ என்று தோன்றும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துவைக்கும். ஆகவே மழை வரும்போது மொத்தமாகக் கொட்டும். நடுவில் வறண்ட நாட்கள் நீளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வருஷச் சராசரியைப் பார்த்து எந்த விவசாயியும் நாற்று விட முடியாது. சராசரி யார் வயலிலும் பெய்வதில்லை.

முன்னோர்கள் ஏரி வெட்டியது சராசரியை நம்பி இல்லை. கொட்டுகிற நாளின் தண்ணீரைப் பிடித்து, பொய்க்கிற மாதத்துக்கு வைத்துக்கொள்ளத்தான். அந்த ஏரிகளுக்குள் மனை போட்டு விற்ற பிறகு, வெள்ளமும் வறட்சியும் ஒரே பிரச்சினையின் இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. 1918இன் மழை இனி வந்தால், இன்னும் சூடான கடலிலிருந்து வரும். அது போக வேண்டிய வழி 1878இல் இருந்ததைவிடக் குறுகலாக இருக்கிறது.