பார்த்துக்கிறவங்களுக்கும் துணை வந்த கதை



நம்ம பக்கத்தில் இந்த நோய்க்கு ரொம்ப நாளாகப் பேரே கிடையாது. "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் "எனக்குச் சோறே போடலை" என்று பெரியவங்க தெருவில் நின்று சொன்னால், கெட்ட பேர் வீட்டில் இருக்கிற பொம்பளைக்கு. என் மாமியாரை ஆறு வருஷம் பார்த்தவள் நான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ராத்திரி வாசல் கதவைப் பூட்டிக் காவல் இருப்பது எல்லாவற்றையும் விட அந்தப் பேச்சுதான் கனம்.

இது மூளையில் வரும் நோய் என்று தெரிந்தே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜெர்மனியில் 1901-ல் அகஸ்டே என்ற 51 வயதுப் பெண்மணியை பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் தன் பேரையே சொன்னாராம். அவரைப் பார்த்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், அந்த அம்மா இறந்த பிறகு மூளையைச் சோதித்து, 1906-ல் மற்ற டாக்டர்களுக்கு விளக்கினார். 1910-ல் நோய்க்கு அவர் பேரே வைக்கப்பட்டது. டாக்டர் பேரும் நோயாளி பேரும் உலகத்துக்கே தெரியும். அகஸ்டேயின் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிக்கு வரும்வரை அவர் என்ன பாடுபட்டார் என்று யாரும் பெரிதாக எழுதவில்லை. எனக்கு அதைத்தான் படிக்க ஆசை.

அதன்பிறகு எழுபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கிறவங்களைப் பற்றிப் பேச்சே பெரிதாக இல்லை. கடைசியில் வீட்டு ஆட்களே கூடினார்கள். 1979-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம், 1980-ல் அமெரிக்காவில் ஒன்று. அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கிய ஜெரோம் ஸ்டோனின் மனைவிக்கே இந்த நோய். 1981-ல் குடும்பத்தாருக்காக அங்கே வந்த ஒரு புத்தகத்தின் பேர் '36 மணி நேர நாள்'. வைத்த பேர் சரியாகத்தான் இருக்கிறது! இந்தச் சங்கங்களில் வட்டமாக உட்கார்ந்து, "நேத்து ராத்திரி என் வீட்டில் இப்படி ஆச்சு" என்று ஒருத்தர் சொல்ல, "நான் இப்படிச் சமாளிச்சேன்" என்று இன்னொருத்தர் சொல்லுவாங்க. நம்ம குழுக் கூட்டம் மாதிரியேதான், சேமிப்பு நோட்டு மட்டும் இல்லை. 1984-ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து உலகக் கூட்டமைப்பும் ஆனது.

1989-ல் தர்மபுரியில் நம்ம மகளிர் குழுக்கள் தொடங்கி மூன்று வருஷம் கழித்து, 1992-ல் பக்கத்துக் கேரளாவில் இந்தியாவின் அல்சைமர் சங்கத்தை டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கினார். அவர் அப்பாவுக்கு இந்த நோய் இருந்தது. அங்கேயும் வீட்டுக் கஷ்டத்திலிருந்துதான் ஆரம்பம்.

நமக்கு ரொம்ப முக்கியமானது கோவாவில் நடந்தது. சங்கத் என்ற தொண்டு நிறுவனம் 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. கொங்கணி பேசத் தெரிந்த, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதிக் குடும்பங்களுக்கு ஆறு மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது போய்வரச் சொன்னார்கள். மற்ற குடும்பங்களுக்கு ஆறு மாதம் கழித்து. இவர்கள் போய் என்ன செய்தார்கள்? "அவங்க வேணும்னு பண்ணலை, இது நோய்" என்று புரியவைத்தார்கள். கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் காட்டினார்கள், அரசாங்க உதவிக்கு வழி சொன்னார்கள். 2008-ல் முடிவு வெளியானது. அவர்கள் போய்வந்த வீடுகளில் பார்த்துக்கிறவங்க மனசு மற்றவர்களைவிடத் தேறியிருந்தது. நோய் மாறவில்லை, மாற்ற மருந்தும் கிடையாது. ஆனால் துணை இருந்தால் தாங்க முடிகிறது.

நம்ம மாநிலத்தில் சென்னையில் ஸ்கார்ப் நிறுவனம் இந்த நோய்க்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. நல்ல வேலைதான். ஆனால் இங்கேயிருந்து தினமும் பெரியவங்களைக் கூட்டிக்கொண்டு போய்வர முடியுமா? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போனது நம்ம குழுப் பெண்கள்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் கவனிப்பு உண்டு. ஆனால் மறதி நோய்க்காரர் பல வருஷம் நன்றாக நடமாடுவார், அதுதானே சிக்கல். கதவைத் திறக்கிற மருமகளிடம் "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்கும் வேலை இன்னும் யார் கணக்கிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம். 2023-ல் வந்த ஓர் ஆய்வு, நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்கிறது. பெண்களுக்கும் கிராமத்தாருக்கும் அதிகம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416. பேச ஆளில்லாத ராத்திரியில் இரண்டாவது எண் உதவும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். என் மாமியாருக்கு முடியாமல் போன முதல் வருஷம் ஏழு கூட்டத்துக்கு நான் வரவில்லை. தீர்மான நோட்டில் 'வரவில்லை' என்று எழுதி, விதிப்படி அபராதமும் போட்டார்கள். தவணை தள்ளினதால் அடுத்த கடனும் தள்ளிப்போனது. இதே காரணத்தால் நாலு பேர் குழுவை விட்டே நின்றுவிட்டார்கள். அப்புறம்தான் எங்கள் ஊக்குநர் அக்கா எழுந்து, "வராதவளுக்கு அபராதம் போடுறோம், ஏன் வரலைன்னு போய்ப் பார்த்தோமா?" என்று கேட்டார். அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். மறதி நோய்க்காரர் இருக்கும் வீட்டு உறுப்பினருக்கு அபராதம் கிடையாது. கூட்ட நேரம் இரண்டு மணி, அவர் வீட்டில் முறை வைத்து ஒருத்தர் உட்கார வேண்டும். முறைக்குப் போனவருக்கும் வருகைப் பதிவு உண்டு.

முதல் முறை என் வீட்டுக்கு வந்தவரைத் தன் தங்கை என்று நினைத்து என் மாமியார் இரண்டு மணி நேரம் சண்டை போட்டார். "பரவாயில்லை அக்கா, நல்லாப் பொழுது போச்சு" என்றார் அவர். நின்றுபோன நாலு பேரில் மூன்று பேர் திரும்பி வந்து சேமிப்பு கட்டுகிறார்கள். இப்போது கூட்டமைப்பில் ஐந்து குழுக்கள் இந்த முறையை எழுதி வைத்திருக்கின்றன. ஆண் நோயாளி மட்டும் இருக்கும் வீட்டுக்கு யார் போவது, எத்தனை பேர் போவது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பேச எடுத்திருக்கிறோம்.