ஐசி எண் வெளியே போயிடுச்சா? கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு

டெலிகிராமில் ஒரு பகுதிநேர வேலை விளம்பரம். வீட்டிலிருந்தே செய்யலாம், அனுபவம் தேவையில்லை, நாள் சம்பளம் 120 வெள்ளி. விசாரித்த பத்து நிமிடத்தில் பதில் வருகிறது. "நீங்க செலெக்ட் ஆயிட்டீங்க. ஐசி முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் படம் எடுத்து அனுப்புங்க." நீங்களும் அனுப்புகிறீர்கள். மறுநாள் அந்தக் கணக்கே இல்லை.

"ஐயோ, என் ஐசி நம்பர் போயிடுச்சே!" பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் அந்தப் படத்தோடு போனவற்றில் மதிப்புக் குறைந்தது அந்த எண்தான். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண் ஏன் ரகசியம் இல்லை?

சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள், கடைசியில் இன்னோர் எழுத்து. 2000ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது 'எஸ்' என்று தொடங்கும், அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு 'டி'. இளையர்களைப் பொறுத்தவரை முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டுதான். கடைசி எழுத்து, முன்னால் உள்ள இலக்கங்களை வைத்து ஒரு கணக்கில் வருவது. எண்ணைத் தப்பாகத் தட்டச்சு செய்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்த எழுத்து அது.

அதனால்தான் கடைசி மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் மட்டும் காட்டி மற்றதை மறைப்பதால் பெரிய பயன் இல்லை. பிறந்த ஆண்டு தெரிந்தவர் கொஞ்சம் கணக்குப் போட்டால் முழு எண்ணையும் நெருங்கிவிடலாம்.

2024 டிசம்பர் 9ஆம் தேதி, கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் புதிய பிஸ்ஃபைல் தளம் திறக்கப்பட்டது. பெயரைத் தட்டினால் முழு அடையாள அட்டை எண்ணும் இலவசமாகத் தெரிந்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். சில நாளிலேயே அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது, அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. அப்போது அரசாங்கம் தந்த விளக்கத்தில் ஒன்று முக்கியம்: அடையாள அட்டை எண் என்பது ஒருவரின் பெயரைப் போல. நீங்கள் யார் என்று குறிப்பிட அது உதவும். நீங்கள்தான் அவர் என்று நிரூபிக்க உதவாது.

இந்த எண்கள் வெளியே போனது அதுதான் முதல் தடவையா? இல்லை. 2018இல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் நடந்த ஊடுருவலில் சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்றவை திருடப்பட்டன. அந்தப் பட்டியலில் நீங்களோ, உங்கள் அம்மாவோ இருந்திருக்கலாம்.

ஆகவே எண்ணை மறைப்பதைவிட, அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்துவதுதான் வழி. 2025 ஜூன் மாதம் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து தனியார் நிறுவனங்களிடம் இதையே வலியுறுத்தின. உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ஐசி எண்ணையோ அதோடு பிறந்த தேதியையோ சேர்த்து ஏதாவது கணக்குக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்களா? இன்றே மாற்றுங்கள். காப்புறுதி ஆவணத்தைத் திறக்க "ஐசியின் கடைசி நான்கு" கேட்டு மின்னஞ்சல் வந்தால், அந்தப் பூட்டு உண்மையில் பூட்டே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்போ எதை மறைக்கணும்?

அட்டையின் படத்தை. எண் மட்டும் தெரிந்த ஒருவரும், இரு பக்கப் படமும் கையில் வைத்திருக்கும் ஒருவரும் ஒன்றல்ல. முன்பக்கத்தில் உங்கள் முகம், முழுப் பெயர், இனம், பிறந்த தேதி. பின்பக்கத்தில் வீட்டு முகவரி, கைரேகை, அட்டை வழங்கப்பட்ட தேதி. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எண்ணை எங்கிருந்தும் பிடிக்கலாம், அட்டை வழங்கப்பட்ட தேதி அட்டையைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் சில சேவைகளில் பதிவுசெய்யும்போது அதைக் கேட்கிறார்கள்.

2019 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் நடப்பில் உள்ள வழிகாட்டியின்படி, சட்டம் கேட்டால் அல்லது ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காண்பது அவசியமாக இருந்தால் மட்டுமே தனியார் நிறுவனங்கள் ஐசி எண்ணையோ நகலையோ பெறலாம். கைத்தொலைபேசி இணைப்பு எடுப்பது, மருந்தகத்தில் சிகிச்சை பெறுவது, ஹோட்டலில் தங்குவது, வேலையில் சேருவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அதிர்ஷ்டக் குலுக்கல், கடை உறுப்பினர் அட்டை, சைக்கிள் வாடகை எல்லாம் வராது. "ஐசியைக் குடுத்துட்டுப் போங்க, திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்" என்று அட்டையையே வாங்கி வைப்பதற்கும் இதே கட்டுப்பாடு உண்டு. மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை. "வேற ஏதாவது அடையாளம் காட்டலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் போதும்.

வேலையில் சேரும்போது முதலாளிக்கு உங்கள் எண் தேவை, மத்திய சேமநிதிச் சந்தா கட்ட வேண்டுமே. ஆனால் யார் என்றே தெரியாத ஒருவர், நேர்காணலுக்கும் முன்பே, வாட்ஸ்அப்பில் இரு பக்கப் படத்தையும் கேட்பது வேறு. வாடகை அறை தேடுவோரும் இதே வலையில் விழுகிறார்கள். அறையைப் பார்ப்பதற்கு முன்பே "புக் பண்ண" ஐசி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

கட்டாயம் படம் அனுப்ப வேண்டியிருந்தால், அதன் குறுக்கே எழுதிவிட்டு அனுப்புங்கள்: யாருக்கு, எதற்கு, என்ன தேதி. கைத்தொலைபேசியில் படம் திருத்தும் வசதியிலேயே இதைச் செய்துவிடலாம். முகத்தையும் பெயரையும் தொட்டபடி எழுத்து போக வேண்டும், ஓரமாக எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். பின்பக்கம் தேவையா என்று கேளுங்கள். பல நேரம் தேவைப்படாது. அனுப்பிய பிறகு உங்கள் பக்கத்து உரையாடலில் இருந்தும் படத்தை நீக்கிவிடுங்கள். கடப்பிதழின் படப் பக்கத்துக்கும் இதெல்லாம் பொருந்தும்.

உண்மையான சாவி: சிங்பாஸ் ஒப்புதல்

படம் போனாலும் அதை வைத்து மட்டும் உங்கள் பெயரில் எல்லாமே செய்துவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் சிங்பாஸ் குறுக்கே நிற்கிறது. அதனால் மோசடிக்காரர்கள் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள்.

ஒரு பழைய உத்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கருத்தாய்வில் கலந்துகொண்டால் பரிசு என்று சொல்வார்கள். "நீங்க உண்மையான ஆள்தானானு பார்க்க" ஒரு சிங்பாஸ் கியூஆர் குறியீட்டை வருடச் சொல்வார்கள். குறியீடு உண்மையானது, செயலியும் உண்மையானது. ஆனால் அந்த நேரத்தில் மோசடிக்காரர் தன் கணினியில் வேறொரு சேவையின் நுழைவுப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார். நீங்கள் தட்டும் ஒப்புதல் அவரை உள்ளே விடுகிறது. செயலி, எந்தச் சேவைக்குள் நுழைகிறீர்கள், எந்தத் தகவலைப் பகிர்கிறீர்கள் என்று திரையில் காட்டும். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. மைஇன்ஃபோ மூலம் வருமானம், முகவரி, சேமநிதி விவரங்கள் எல்லாம் ஒரே தட்டலில் போய்விடும். அந்த ஐந்து விநாடி நின்று படியுங்கள்.

இன்னொரு வகை, தானே கொடுப்பது. "ஒரு வாரத்துக்கு சிங்பாஸ் குடு, இவ்வளவு தர்றேன்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டு ஊழியர்களிடம் "கணக்கை மூடாதீங்க அண்ணே, எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றும் கேட்பார்கள். அந்த விவரங்களை வைத்து வங்கிக் கணக்கு திறந்து, மற்றவர்களிடம் ஏமாற்றிய பணத்தை அதன் வழியாக ஓட்டுவார்கள். 2024 பிப்ரவரி 8ஆம் தேதி முதல் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ சிங்பாஸ் விவரங்களைக் கொடுத்தால், 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். "அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது" என்று கைகழுவுவது இப்போது அவ்வளவு சுலபமில்லை.

தாத்தா பாட்டிக்கு சிங்பாஸ் வேலையெல்லாம் செய்து கொடுப்பது நம் வீடுகளில் பேரப்பிள்ளைகள்தான். அதைக் குறிவைத்து வந்த சட்டம் இல்லை இது. ஆனால் அவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: யார் கூப்பிட்டாலும், பேரன் பேத்தி பக்கத்தில் இல்லாமல் எதற்கும் ஒப்புதல் தட்ட வேண்டாம்.

உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. திருடப்பட்ட அடையாளம் சத்தம் போடாது. வங்கிக் கணக்கில் பணம் குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். உங்கள் பெயரில் வேறொருவர் கடன் கேட்டது, சில ஆண்டு கழித்து நீங்கள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரலாம்.

வங்கிகள், கடன்பற்று அட்டைகள் தொடர்பான பதிவுகள் கிரெடிட் பியூரோ சிங்கப்பூரில் சேர்கின்றன. அங்கே உங்களுக்கென ஓர் அறிக்கை உண்டு. 1,000 முதல் 2,000 வரை மதிப்பெண், ஏஏ முதல் எச்எச் வரை தரம். எண் கூடினால் நல்லது. எல்லாரும் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அடையாளத் திருட்டைத் தேடுபவர் பார்க்க வேண்டியது வேறு பகுதி: எந்தெந்த நிறுவனம் உங்கள் பதிவைக் கேட்டுப் பார்த்திருக்கிறது என்ற பட்டியல். யாராவது உங்கள் பெயரில் கடன் கேட்டால், கடன் கிடைப்பதற்கு முன்பே அந்த வங்கியின் பெயர் அங்கே வந்துவிடும். நீங்கள் விண்ணப்பிக்காத ஒரு வங்கி அதில் இருந்தால், அதுதான் எச்சரிக்கை மணி.

மாணவர்களுக்கும், வேலைக்குப் புதிதாகப் போனவர்களுக்கும் இந்த அறிக்கை கிட்டத்தட்டக் காலியாகத்தான் இருக்கும். அது ஒரு வசதி. தெரியாத ஒரே ஒரு வரி இருந்தால்கூடக் கண்ணில் பட்டுவிடும். அறிக்கையைச் சிறிய கட்டணத்தில் இணையத்தில் வாங்கலாம். உறுப்பு வங்கியில் கடனுக்கோ அட்டைக்கோ விண்ணப்பித்திருந்தால், முடிவு வந்த 30 நாளுக்குள் இலவசமாகவே பெறலாம். முதல் கடன்பற்று அட்டை கிடைத்ததும் அதைக் கொண்டாடும் நேரத்தில் இதையும் செய்துவிடுங்கள்.

"எனக்கு வருமானமே இல்லையே, யார் கடன் குடுப்பா?" என்று கேட்கலாம். வங்கி தராது. ஆனால் ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறைவாக உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் மொத்தம் 3,000 வெள்ளி வரை பிணையில்லாக் கடன் பெற விதி இடம் தருகிறது. அந்தப் பதிவுகள் மணிலெண்டர்ஸ் கிரெடிட் பியூரோ என்ற தனி அமைப்பில் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், இரண்டையும் பாருங்கள். கடன் வாங்கும் எண்ணமே இல்லையென்றால், உரிமம் பெற்றோரிடம் கடன் பெறுவதிலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளவும் அங்கே விண்ணப்பிக்கலாம்.

உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ சமூக ஊடகத்திலோ விளம்பரம் செய்யக் கூடாது. உங்களை நேரில் பார்த்து அடையாளத்தைச் சரிபார்க்காமல் கடன் கொடுக்கக் கூடாது. சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கேட்கவோ ஐசியை வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது. ஆக, வாட்ஸ்அப்பில் "குறைந்த வட்டி, உடனடிப் பணம்" என்று வருபவர் யார் என்று புரிந்திருக்கும். விவரங்களைக் கொடுத்துவிட்டு "வேண்டாம்" என்று பின்வாங்கினாலும் விடமாட்டார்கள். கேட்காமலேயே கணக்கில் பணம் போட்டுவிட்டு வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள், ஐசியில் இருக்கும் முகவரியைச் சொல்லி மிரட்டுவார்கள்.

ஏற்கெனவே அனுப்பிட்டேன், இப்போ என்ன செய்றது?

முதலில் சிங்பாஸ். கடவுச்சொல்லை மாற்றுங்கள். செயலியில் இதுவரை நடந்த நுழைவுகளின் பட்டியல் இருக்கும், தெரியாதது எதுவும் இருக்கிறதா பாருங்கள். வங்கி விவரமும் போயிருந்தால், வங்கிச் செயலியிலோ அவசரத் தொலைபேசி எண்ணிலோ உள்ள உடனடி முடக்க வசதியைப் பயன்படுத்துங்கள். வங்கி ஊழியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மோசடியா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

பிறகு போலீஸ் புகார். இணையத்திலேயே கொடுக்கலாம். "பணம் எதுவும் போகலையே, எதுக்குப் புகார்?" என்று விட்டுவிடாதீர்கள். நாளை உங்கள் பெயரில் ஒரு கடனோ கைத்தொலைபேசி இணைப்போ முளைத்தால், எந்தத் தேதியில் உங்கள் விவரங்கள் கைமாறின என்பதற்கு அந்தப் புகார்தான் சான்று. வேலை விளம்பரத்தையும் உரையாடலையும் அழிப்பதற்கு முன் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

தெரியாத கடன் ஒன்று பதிவாகியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள், புகார் எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். கிரெடிட் பியூரோவிடமும் சொல்லுங்கள். தகவலைத் தந்த நிறுவனத்திடம் அவர்கள் விசாரிப்பார்கள். பதிவு திருத்தப்பட்டதும் அறிக்கையை மறுபடி ஒருமுறை வாங்கிச் சரிபாருங்கள். அதற்கிடையில் "பரவாயில்லை, சின்னத் தொகைதானே" என்று அந்தக் கடனில் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடலாம்.

அட்டையே தொலைந்துபோனால் 14 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். புதிய அட்டைக்கு முதல் முறை 100 வெள்ளி, அதற்குப் பிறகு தொலைத்தால் ஒவ்வொரு முறையும் 300 வெள்ளி. புதிய அட்டையிலும் எண் அதேதான் இருக்கும், வழங்கப்பட்ட தேதி மட்டும் மாறும். அன்றாடம் வெளியே போகும்போது அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னிலக்க அடையாள அட்டையைப் பயன்படுத்தலாம். அரசாங்க அமைப்புகள் 2021 நவம்பர் முதல் அதை ஏற்றுக்கொள்கின்றன.