இரண்டு பியானோ, ஒரு தாளம் – 6: மதராஸில் வீணை கற்ற அமெரிக்கர்

1942. அமெரிக்காவில் டாங்கிள்வுட் கோடைக்கால இசைப் பயிலரங்கம். இசையமைப்பாளர் ஆலன் ஹோவானெஸின் சிம்பொனி ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஆரன் கோப்லண்ட் காது கொடுக்காமல் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் இளைஞர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் ஒரு ஸ்வர வரிசையைத் தட்டிக் காட்டி, மட்டமான இசை என்று சொல்லிவிட்டார்.

சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம். ஹோவானெஸ் என்ன செய்தார்?

பயிற்சி முடியுமுன்பே கிளம்பிவிட்டார். ஆனால் எதற்காகக் கேலி செய்தார்களோ, அதையே இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பா ஆர்மீனியர், அந்த மரபுக்குள் ஆழமாக இறங்கினார். 1944-ல் எழுதிய ‘லூசாட்ஸாக்’கில், கலைஞர்கள் தங்களுக்குத் தரப்பட்ட ஸ்வரங்களை அவரவர் வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் உண்டு. யாரும் யாரோடும் சேர வேண்டியதில்லை! 1945-ல் இரண்டு பியானோவுக்கு ‘மிஹ்ர்’ எழுதினார். கானூன் என்ற மேற்காசியத் தந்தி வாத்தியங்கள் கூட்டமாக ஒலிப்பதுபோல் அந்த இரண்டும் கேட்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நியூயார்க்கில் இசையமைப்பாளர்கள் ஜான் கேஜும் லூ ஹாரிசனும் அவர் பக்கம் நின்றார்கள்.

அடுத்த காட்சி, மதராஸ். 1959-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு வந்து இறங்கினார். வீணை கற்றார். 300-க்கும் மேற்பட்ட ராகங்களைக் குறித்துவைத்தார். நாகூர் தர்காவுக்குப் போய் வந்தவர், நம் வாத்தியங்களுக்காகவே ‘நாகூரன்’ என்ற உருப்படியை எழுதினார். மதராஸ் வானொலிக் குழு வாசித்து, 1960 பிப்ரவரி 3-ஆம் தேதி அது ஒலிபரப்பானது.

அந்த ஏப்ரலில்தான் திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. நம் நகரி ஆந்திரத்திலேயே நின்றது. ஊர் ஊராக எல்லைக் கணக்கு நடந்த அதே மாதங்களில், டாங்கிள்வுட்டில் இடம் கிடைக்காத ஒருவருக்கு மதராஸ் பாய் விரித்திருந்தது.

ராகங்களைப் பற்றி அவர் எழுத நினைத்த புத்தகம் முடியவில்லை. ஆனால், திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிப்பதும் இசைதான் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேறு கைகளில் வளர்ந்தது.

1965, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ரைக் என்ற இளைஞர், தெருப் பிரசங்கி ஒருவரின் குரலை இரண்டு டேப் ரெக்கார்டர்களில் ஒன்றாக ஓடவிட்டார். இயந்திர வேகத்தில் இம்மியளவு வித்தியாசம். நகரி விசைத்தறிக் கூடத்தில் இரண்டு தறி பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்: சேர்ந்து தொடங்கும் சத்தம் மெல்ல விலகும், இரண்டிலும் இல்லாத புதுத் தாளம் ஒன்று நடுவில் எழும்.

இயந்திரம் தன் குறையால் விலகியது. மனிதன் வேண்டுமென்றே விலக முடியுமா?

1966 கடைசியில், ஐந்தே ஸ்வரங்களை மாற்றி மாற்றிக் கோத்த 12 தட்டுகளைப் பியானோவில் வாசித்து டேப்பில் பதிந்தார் ரைக். டேப்பை ஓடவிட்டு, அதே தட்டுகளைத் தானும் வாசிக்கத் தொடங்கினார். டேப் தன் வேகத்தில் போகும். அவர் மட்டும் நூலிழை முந்தவேண்டும். நின்றுவிடவும் கூடாது, தாவிவிடவும் கூடாது. தாளத்தை விட்டு நகராதே என்றே பழகிய கை, நகரச் சொன்னால் கேட்குமா? கேட்டாலும், டேப் இருந்த இடத்தில் இன்னொரு மனிதரும் இன்னொரு பியானோவும் வந்தால்?

(தொடரும்)