கடிகாரக்காரர்கள் செய்த தூண்டில் ரீல்

தெற்கு சுவீடனில் சால்மன் மீனுக்குப் பெயர்போன ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்வாங்ஸ்டா என்ற சிற்றூர். 1921-இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் அங்கே கடிகாரத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். முதலில் பாக்கெட் கடிகாரம், பிறகு டாக்சி மீட்டர். இரண்டாம் உலகப்போர் வந்ததும் மீட்டர் வாங்க ஆளில்லை. நுண்ணிய பல்சக்கரம் வெட்டப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? மகன் யோட்டே பட்டறையைத் தூண்டில் ரீல் பக்கம் திருப்பினார்.

இப்படிப் பிறந்ததுதான் ‘ஆபு’ ரீல். 1950-களில் வந்த அதன் சிவப்பு நிற அம்பாசடர் 5000-ஐ இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். பழைய ரீல்களின் அடிப்பாதத்தில் பொறித்த எண், தயாரித்த காலத்தையே காட்டிக்கொடுக்கும்.

பிரான்சிலும் இதே கதைதான். மிட்செல் ரீலைச் செய்தது க்ளூஸ் நகரின் கடிகார உதிரிபாக நிறுவனம்.

இன்று ஆபு கார்சியா என்ற பெயரில் விற்கும் ஆபு, மிட்செல், 1932-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பென் ஆகிய மூன்று ரீல் பிராண்டுகளும் பியூர் ஃபிஷிங் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கையில். ஆகவே பெயரை மட்டும் நம்புவது வீண். பெட்டியில் பெரிதாக அச்சிடும் பேரிங் எண்ணிக்கையும் பாதி விளம்பரம்தான். வாங்குமுன் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள்; நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கான டிராக்கை இறுக்கி நரம்பை இழுங்கள். வெட்டி வெட்டி இழுபட்டால், விலை எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.