கோப்பில் இல்லாத குழந்தை

உளவு என்றதும் லண்டனும் மொஸ்கோவும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். பனிப்போரின் முதல் பெரிய கசிவு நடந்ததோ, நான் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒரே நாளில் காரில் போய்வரக்கூடிய ஒட்டாவாவில்.

1945 செப்டெம்பர் 5 இரவு, சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் ஈகோர் கூசென்கோ 109 ஆவணங்களை மறைத்துக்கொண்டு வெளியேறினார். பத்திரிகை அலுவலகம் அவரைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் நீதி அமைச்சும் கைவிரித்தது. அன்றிரவு தூதரக ஆட்கள் அவருடைய வீட்டுக் கதவை உடைத்தபோது, அவரும் கர்ப்பிணி மனைவியும் சின்ன மகனும் அயல்வீட்டில் ஒளிந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அவரை நம்பியது.

போரில் கூட்டாளியாக நின்ற நாடே உள்ளுக்குள் உளவு பார்த்திருந்ததை ஆவணங்கள் காட்டின. அணு விஞ்ஞானி ஆலன் நன் மேயும் நாடாளுமன்ற உறுப்பினர் பிரெட் ரோஸும் சிறை போனார்கள். ஆனால் 1946 பெப்ரவரியில் பிடிபட்டவர்களைச் சட்டத்தரணியைப் பார்க்க விடாமல் அடைத்துவைத்தே விசாரித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு இது விளங்கும். வழக்குக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிறகு விடுதலையானார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். எம்மா வொய்கின், வெளிவிவகார அமைச்சின் சங்கேத எழுத்தர். போர் செய்ய மறுத்ததால் ரஷ்யாவில் துன்பப்பட்டு 1899இல் கனடாவுக்கு வந்த டுகோபர் கிறிஸ்தவர்களின் வழிவந்தவர். சஸ்காட்செவனில் வறுமையில் வாழ்ந்தபோது குழந்தையை இழந்தார். 1942இல் கணவர் தற்கொலை செய்துகொண்டார். ஏழைக்கும் வைத்தியம் கிடைக்கும் நாடு என்று சோவியத்தை நம்பினார். அமைச்சின் தந்திகளில் இருந்ததை அவர்களுக்குக் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை இரண்டரை ஆண்டுகள்.

கசிந்த தாள்களில் அவருக்கு 'நோரா' என்று மறைபெயர். அந்தக் குழந்தை அதில் இல்லை. தாதியாக நானும் நோயாளிகளின் கோப்பு எழுதுகிறேன். காய்ச்சல் எத்தனை பாகை என்று எழுதுவேன். அவர் யாரை இழந்துவிட்டு வந்து படுத்திருக்கிறார் என்பதற்கு அதில் இடமில்லை. எம்மா செய்தது பிழைதான். ஆனால் ஆவணம் என்ன நடந்தது என்று மட்டுமே சொல்லும். ஏன் என்பதை மனிதரிடம்தான் கேட்கவேண்டும்.

1947 ஜனவரி 1இல் அதே சஸ்காட்செவன், கனடாவிலேயே முதலாவதாக, எல்லோருக்குமான மருத்துவமனைக் காப்புறுதியைத் தொடங்கியது. அன்று எம்மா சிறையில் இருந்தார்.