சமாரியாவைச் சுற்றிப் போகும் பாதை



கடந்த ஞாயிற்றுக்கிழமையை நம் சபையில் மிஷனெரி ஞாயிறாக அனுசரித்தோம். வடமாநிலங்களில் ஊழியம் செய்வோருக்காக நீங்கள் மனமுவந்து காணிக்கை படைத்தீர்கள். ஒடிசாவிலும் பீகாரிலும் உள்ள கிராமங்களின் படங்களை ஆலயத்தின் வாசலில் ஒட்டியிருந்தோம். பிள்ளைகள் அவற்றைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆராதனை முடிந்து ஆலயத்தைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத் தெரு வழியாக நடந்தேன். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் இளைஞர்கள் அங்கே சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஏறத்தாழ ஓராண்டாக அவர்களைக் கடந்து போகிறேன். ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம்முடைய சீஷருக்குக் கொடுத்த கட்டளை அப்போஸ்தலருடைய நடபடிகள் முதலாம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் இருக்கிறது. அவர்கள் எருசலேமிலும், யூதேயா முழுவதிலும், சமாரியாவிலும், பூமியின் கடைசி எல்லை வரைக்கும் தமக்குச் சாட்சிகளாயிருப்பார்கள் என்றார். எருசலேமை நாம் அறிவோம். அது நம்முடைய வீடும் சபையும். பூமியின் கடைசி எல்லையையும் அறிவோம். அதற்காகக் காணிக்கைப் பெட்டி வைத்திருக்கிறோம். நடுவிலே இருக்கிற சமாரியாதான் நமக்குக் கடினம். அது தூரமான இடமன்று. நடந்தே போய்விடக்கூடிய இடம். ஆயினும் யூதர் அவ்விடத்தாரோடு சம்பந்தம் கலவாதிருந்தார்கள். கலிலேயாவுக்குப் போகையில் யோர்தானைக் கடந்து சுற்றிப் போனவர்களும் உண்டு. பக்கத்திலேயே இருந்தும் நாம் சுற்றிப் போகிற மனிதரே நம்முடைய சமாரியர்.

இந்த வாரம் நம்முடைய சொந்தச் சரித்திரத்திலிருந்து ஒரு பகுதியை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். நம் முன்னோர் சிலர் சமாரியாவைச் சுற்றிப் போகாமல் அதற்குள்ளே போன கதை அது.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் மிகச் சிறியது. 1778இல் தஞ்சாவூர் மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமண விதவை, பாளையங்கோட்டையில் விசுவாசிகளைக் கூட்டிச் சேர்த்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்களே. 1785இல் குளோரிந்தாவின் முயற்சியால் எழுந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சத்தியநாதன் என்னும் தமிழ் உபதேசியார் அங்கே ஊழியஞ்செய்து, 1790இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த நாற்பது பெயர்கள் பல்லாயிரங்களாகப் பெருகின. தேரிக்காட்டுக் கிராமங்கள்தோறும் ஆலயமும் பள்ளிக்கூடமும் உண்டாயின. பஞ்சத்தையும் உபத்திரவத்தையும் சகித்த ஏழை ஜனங்களே அந்தச் சபையைத் தாங்கினார்கள்.

அத்தகைய கிராமங்களில் ஒன்றாகிய வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், தாமஸ் வேதநாயகம் என்னும் குருவானவருக்கு மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின், 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் பயணம் செய்தார். 1898இல் அன்பு மரியம்மாளை வரதட்சணை வாங்காமல் மணந்தார். இன்றைக்கும் நம் வீடுகளில் அரிதாயிருக்கிற சாட்சி அது.

1902இல் அவர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தி, கடலுக்கு இப்பால் தமிழகக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பித் தாங்கி வருவதைக் கண்டார். சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஈழத்துச் சபை தன்னுடைய காணிக்கையால் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் அனுப்புகிறது. யாழ்ப்பாணத்தைவிட எண்ணிக்கையில் மிகப் பெரிய திருநெல்வேலிச் சபையோ, தன் எல்லைக்கு அப்பால் ஒருவரையும் தன் பெயரால் அனுப்பியிருக்கவில்லை. பிறர் தங்களிடம் மிஷனெரிகளை அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதே வழக்கமாகியிருந்தது. அந்தக் காட்சி அசரியாவின் உள்ளத்தைக் குத்தியது. அவர் வெட்கத்தோடு திரும்பினார். அந்த வெட்கத்தை வீணாக்கவில்லை.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின், 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் செராம்பூரில் பல சபைகளைச் சேர்ந்த இந்தியர் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினார்கள். வில்லியம் கேரியின் நூலகத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. அதிலும் அசரியா முன்னின்றார். இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அவர்களுடைய தீர்மானம். அயல்நாட்டுச் செல்வத்தில் சாய்ந்திருக்கப் பழகிய சபைக்கு அது எளிய தீர்மானமன்று.

திருநெல்வேலியார் தெரிந்துகொண்ட இடம் தோர்ணக்கல். அன்றைக்கு ஐதராபாத் நிஜாமின் சமஸ்தானத்தில் இருந்த அந்த ஊர், இன்று தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் இல்லை, தெலுங்கு. மாலர், மாதிகர் என்று அழைக்கப்பட்ட, ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டிருந்த கூலிமக்கள் அந்தப் பகுதியில் பெருந்திரளாக வாழ்ந்தார்கள். 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் அங்கே முதல் மிஷனெரியாகச் சென்றார்.

அசரியாவுக்கு அப்பொழுது நல்ல பதவி இருந்தது. நாடெங்கும் பெயர் இருந்தது. பிறரை அனுப்பிவிட்டு, மேடையிலிருந்து மிஷனெரி அறைகூவல் விடுத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். போகும்படி மற்றவர்களை அழைத்துவிட்டுத் தாம் போகாதிருப்பது அவருக்குக் கூடாமற்போயிற்று. 1909இல் செயலாளர் பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, தோர்ணக்கல்லுக்குச் சென்றார். முப்பத்தைந்து வயதில் ஒரு குழந்தையைப்போல் உட்கார்ந்து தெலுங்கு கற்றார். ஒரு காலத்தில் இழிவாக நடத்தப்பட்ட சமுதாயத்திலிருந்து வந்தவர் அவர். கல்வியும் மதிப்பும் கிடைத்தபின் அந்தக் காலத்தை மறந்துவிடுவதே மனித இயல்பு. அவரோ தம்மிலும் அதிகமாக ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். அதுவே அவருடைய சமாரியா.

அடுத்த ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியாவைச் சேர்ந்தவர்கள் அவர்களில் இருபது பேர் அளவில்தான். உலகத்தைச் சுவிசேஷத்தால் நிரப்புவது எப்படி என்று அந்தப் பெரிய சபை ஆலோசித்துக்கொண்டிருந்தது. அங்கே பேசும்படி அசரியா அழைக்கப்பட்டார். நன்றி சொல்லிவிட்டு அமர்ந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவர் நன்றியும் சொன்னார், உண்மையையும் சொன்னார். ஆண்டுக்கணக்காக ஒரே ஊழியத்தில் உழைக்கும் வெள்ளை மிஷனெரியும் இந்திய ஊழியரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை, ஒரு பந்தியில் அமர்வதில்லை என்று எடுத்துக்காட்டினார். மிஷனெரிகளின் தியாகத்தையும் பாடுகளையும் இந்தியச் சபை என்றும் மறவாது என்றார். இத்தனையும் கொடுத்த நீங்கள் இனி அன்பையும் கொடுங்கள், எங்களுக்கு நண்பர்களாக வாருங்கள் என்பதே அவருடைய விண்ணப்பத்தின் சாரம். கேட்டவர்களில் சிலர் மனம் நொந்தார்கள். ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் இன்றளவும் நினைக்கப்படுவது அந்த உரையே.

பிரியமானவர்களே, அந்த விண்ணப்பம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதென்று எண்ணி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் கொடுத்தாலும் அன்பில்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது கொடுக்கிற சபைக்குத்தான். கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்கிற வரையில் கை நீளுகிறது, இருதயம் நீளுவதில்லை. நண்பனோ பக்கத்தில் உட்காருகிறான். ஆண்டவர் சமாரியா நாட்டுக் கிணற்றண்டையில் உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். அவர் அந்த ஸ்திரீயிடம் முதலாவது பேசியது உபதேசமன்று. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அவளிடத்தில் பெற்றுக்கொள்ளத் தம்மைத் தாழ்த்தினார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. ஆனாலும் அந்தத் திருமண்டலத்தின் சரித்திரத்தில் என்னை அதிகமாகத் தொடுகிறவர்கள் கூலிவேலை செய்த விசுவாசிகள்தான். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கை வைத்து, தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள் என்றும், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் தங்களுக்கு ஐயோ என்றும் அறிக்கையிடும்படி பேராயர் பழக்கினார். ஆண்டுக்கு ஒரு வாரம் சாட்சி வாரமாகக் குறிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அயல் கிராமங்களுக்குப் போய், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள். அவர்களிடம் புத்தகமோ பணமோ இல்லை. மாறிய வாழ்க்கை இருந்தது. குடி, கடன், நோய், அழுக்கு ஆகிய நான்கையும் நான்கு பிசாசுகள் என்று பேராயர் கண்டித்துவந்தார். குடியை விட்ட வீடும், கடனிலிருந்து மீண்ட குடும்பமும், பள்ளிக்குப் போகிற பிள்ளையும் அயலாரின் கண்ணுக்கு மறைவாயிருக்கவில்லை. அவர்களைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்கியவர்களிலும் சிலர், இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். 1930களின் நடுவில் அந்தத் திருமண்டலத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருமாரும், 2000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள்.

இந்த ஊழியத்துக்கு எதிர்ப்பு இல்லாமற்போகவில்லை. கிராம மக்கள் திரளாகக் கிறிஸ்தவராவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. அசரியாவோ, ஏழைக்கும் தன் விசுவாசத்தைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டென்று உறுதியாய் நின்றார். அதேவேளையில், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி என்னும் அரசியல் ஏற்பாட்டையும் அவர் எதிர்த்தார். சபையின் எண்ணிக்கையை அரசியல் பலமாக்கக் கூடாது என்பதே அவருடைய மனம். சுவிசேஷம் சொல்லுகிறவனுக்கு இந்த இரண்டும் வேண்டும்: சொல்லத் தைரியமும், அதனால் தனக்கு ஆதாயம் தேடாத சுத்தமும்.

அவர் கட்டிய தோர்ணக்கல் பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. அதன் தூண்களில் நம் நாட்டுக் கோயில்களின் சாயலும், அதன் குவிமாடங்களில் மசூதிகளின் சாயலும் உண்டு. அந்த நாட்டு மக்கள் அந்நியராய் உணராமல் உள்ளே வரவேண்டும் என்று அந்தக் கட்டடமே சொல்லுகிறது. 1945ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று பேராயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சபைகள் ஒன்றுபட வேண்டுமென்று 1919 முதல் அவர் உழைத்ததன் கனியாகிய தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பிறந்தது. அவர் அதைக் காணவில்லை.

நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் காணிக்கைக் கலயத்தில் இட்டதை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பிடியரிசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. தூரத்து ஊழியத்துக்கான உங்கள் காணிக்கை தொடரட்டும். அதோடு இந்த வாரம் இன்னொன்றைக் கேட்கிறேன். நம் சபையும் நானும் சுற்றிப் போகிற ஒரு மனிதர் யார் என்று ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள். பின்பக்கத் தெருவின் இளைஞராயிருக்கலாம். பல்லாண்டுகளாகப் பேச்சற்றுப்போன அண்டைவீட்டாராயிருக்கலாம். நம் ஜாதி வழக்கம் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிற சகோதரியாயிருக்கலாம். அவருடைய பெயரைக் கேளுங்கள். அவருடைய வீட்டுத் தண்ணீரைக் குடியுங்கள். சபையின் எண்ணிக்கையைக் கூட்டும் தந்திரமாக அதைச் செய்யாதேயுங்கள். மனிதர் அதை உடனே கண்டுகொள்வார்கள். நண்பராயிருங்கள். உங்களுக்குள் இருக்கிற நம்பிக்கையைக் குறித்து அவர் கேட்கும் நாளில், சாந்தத்தோடு சொல்லுங்கள்.

நானும் நேற்று மாலை அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனேன். என் இந்தி மிகவும் குறைவு. அவர்களுடைய தமிழ் அதைவிடச் சற்று மேல். தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். நான்கு பெயர்களைக் கற்றுக்கொண்டு வந்தேன். நம் ஜெபக் குறிப்பில் ஊர்களின் பெயர்களாய் மட்டும் இருந்த இடங்களுக்கு இப்பொழுது எனக்கு முகங்கள் உண்டு.

ஜெபிப்போம். சமாரியாவின் வழியாய் நடந்த ஆண்டவரே, நாங்கள் சுற்றிப் போன பாதைகளை எங்களுக்கு மன்னியும். தூரத்தில் இருப்போருக்குக் கொடுக்கிற எங்கள் கைகளை, அருகில் இருப்போருக்காகவும் திறந்தருளும். எங்கள் முன்னோரின் வெட்கத்தை ஊழியமாக மாற்றின நீர், எங்கள் வெட்கத்தையும் அப்படியே மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.