குளக்கட்டு தாங்குமா? இரணைமடுவை முன்வைத்து ஒரு மண் வரலாறு

மாரியில் நாலு நாள் விடாமல் பெய்தால் கிளிநொச்சியில் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "இரணைமடு இப்ப எத்தினை அடி?" 36 அடியை நெருங்கினால் வான்கதவு பற்றிய கதை தொடங்கிவிடும். அந்த ஒரு இலக்கத்துக்குப் பின்னால் நூறு வருசத்துக்கும் மேலான கணக்கு இருக்குது.

1885இல் ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் இரணைமடுவில் கனகராயன் ஆற்றை மறித்து 20,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கத் திட்டம் வரைந்தார். 1902இல்தான் வேலை தொடங்கியது. முடிய ஏறத்தாழ இருபது வருசம் எடுத்தது. அப்போதைய கொள்ளளவு 40,000 ஏக்கர் அடி. பிறகு கட்டைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 1970களின் பிற்பகுதியில் அது ஒரு லட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது.

பாக்கர் வெறுமனே புதுக்குளம் வரைந்தவர் இல்லை. வவுனிக்குளம் போன்ற பழங்குளங்களையும் ஆராய்ந்தார். செங்கல்லின் அளவை வைத்துக் கட்டடங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். பழைய துருசுகளில் இருந்த 'பிசோகொட்டுவ' என்ற கிணறு போன்ற அமைப்பு அவரை வியக்க வைத்தது. குளத்துத் தண்ணீர் நேராகச் சீறிப் பாய்ந்தால் கட்டை அரிக்கும். ஆகவே அதை இந்தக் கிணற்றுக்குள் இறக்கி, வேகத்தை அடக்கி வெளியே விட்டார்கள். இன்றைய நீர்க் கட்டுப்பாட்டுக் கோபுரங்களின் மூதாதை இதுதான் என்பது அவருடைய கருத்து.

அந்தக் காலத்தில் ஆய்வுகூடம் இல்லை. மாரிமழைதான் பரிசோதனை. தாங்கின கட்டு நிலைத்தது. உடைந்த கட்டை அடுத்த தலைமுறை வேறு மாதிரிக் கட்டியது. இந்த முறையில் ஒரு பெரிய குறை: பரிசோதனை தோற்றால் கீழே இருக்கிற ஊர் போய்விடும்.

மண்ணை முன்கூட்டியே சோதிக்கும் வழி 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. 1925இல் கார்ல் டெர்சாகி மண் இயக்கவியல் பற்றிய நூலை வெளியிட்டார். மண்ணின் பலம் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்துவதில் இருக்கிறது. இடையில் நிற்கும் தண்ணீரின் அமுக்கம் கூடினால் அந்தப் பிடி தளரும். 1933இல் ரால்ஃப் புரொக்டர் இன்னொன்றைக் காட்டினார். மண் காய்ந்திருந்தால் சரியாக இறுகாது, சேறாக இருந்தாலும் இறுகாது. இடையில் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் நன்றாக இறுகும். ஒரு அச்சுக்குள் மண்ணைப் போட்டு, 2.5 கிலோ சம்மட்டியை ஒரு அடி உயரத்திலிருந்து விழுத்தி இறுக்கி அந்த ஈரத்தைக் கண்டுபிடிப்பார்கள். இன்றும் கட்டுக்கு மண் போடமுதல் இந்தச் சோதனைதான்.

இது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. நீரின் ஆழம் 34 அடியிலிருந்து 36 அடியானால் ஆழம் கூடுவது 6 வீதம்தான். ஆனால் கட்டைத் தள்ளும் மொத்த விசை ஆழத்தின் வர்க்கத்தோடு கூடும்; அது ஏறத்தாழ 12 வீதம். "ரெண்டு அடிதானே" எண்டு சொல்லேலாது.

கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு உடையவில்லை. ஆனாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். வான்கதவுகள் நேரத்துக்குத் திறக்கப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்து விசாரணை வரை போனது. கட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்த வெள்ளம் காட்டியது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேரும், எந்த ஊர் முதலில் மூழ்கும் என்ற கணிப்பும் வேணும். அந்தக் கணிப்பு இரவோடிரவாக அந்த ஊருக்குப் போய்ச் சேரவும் வேணும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இரணைமடுவுக்குக் கிட்ட, அறிவியல் நகரில்தான் இருக்கிறது. குளத்தைத் தினமும் பார்க்கிற விவசாயிகளும் அங்கேயே இருக்கினம். இந்த ரெண்டு தரப்பும் சேர்ந்து கட்டைக் கவனிக்கிறது நடக்காத காரியமில்லை. கட்டின் பின்பக்கம் கசிவு தெளிவாக இருந்தால் ஓரளவு பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து போகுது எண்டு அர்த்தம். அதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. கண்டவர் உடனே சொல்ல வேணும். கேக்கிறதுக்கும் ஒரு ஆள் இருக்க வேணும்.